பாதாள ரயிலில் தண்டவாளம் மாற்ற ஏன் இத்தனை காலம்?

பாளையங்கோட்டையில் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, அக்கா வீட்டுக்கு லண்டன் போயிருந்தேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பாதாள ரயில் ஒரு பகுதியில் ஓடவே இல்லை. தண்டவாள வேலை என்று எழுதிப் போட்டிருந்தார்கள். வருடக்கணக்காக இப்படித்தான் என்கிறார் அத்தான். நம்ம தென்காசிப் பாதையில் மெஷினைக் கொண்டுவந்து ஒரே பகலில் நூற்றுக்கணக்கான மீட்டர் மாற்றிவிட்டுப் போகிறார்கள். அவ்வளவு பணமும் கருவியும் உள்ள ஊரில் ஏன் முடியவில்லை?"

ரயில்வேயின் பாதைப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பெருநகர மெட்ரோவில் தண்டவாள வேலைக்குச் சில வருடம் போனேன். வெயிலில் செய்து பழகிய அதே சோலியைச் சுரங்கத்துக்குள் செய்யப் போனபோது, முதல் மாதம் எனக்கும் இதே கேள்விதான் இருந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம்ம தாமிரபரணிக் கால்வாய்களை எப்போது தூர் வாருகிறோம்? பிசான அறுவடை முடிந்து, காருக்குத் தண்ணீர் திறப்பதற்கு முன்னால் உள்ள இடைவெளியில். மடையை அடைத்துவிட்டு, காய்ந்த தரையில் இறங்கி வேலை பார்க்கிறோம். பாதாள ரயிலுக்கு அப்படி ஒரு அடைப்புக் காலம் கிடையாது. தினமும் ராத்திரி ஒரு மூன்று, நான்கு மணி நேரம்தான் மடை அடைபடும். விடிவதற்குள் தண்ணீர் மறுபடி ஓடியாக வேண்டும்.

செங்கோட்டை–புனலூர் பாதையை நினைத்துப் பாருங்கள். மீட்டர் கேஜிலிருந்து அகலப்பாதைக்கு மாற்ற 2010-ல் ரயிலை நிறுத்தினார்கள். மலைப் பாதை முழுவதும் திரும்ப ரயில் ஓடியது 2018-ல். பகவதிபுரம் தாண்டி வருகிற ஆரியங்காவு குகை போன்ற இடங்களையெல்லாம் அகலப்பாதைக்கு ஏற்றபடி திருத்த வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் திருநெல்வேலி–தென்காசி 2012-லேயே முடிந்துவிட்டது. எட்டு வருடம் ரயில் இல்லாமல் மக்கள் பஸ்ஸில் போனார்கள், சிரமப்பட்டார்கள், ஆனாலும் சமாளிக்க முடிந்தது. லண்டனில் விக்டோரியா பாதையில் காலை நேரத்தில் மணிக்கு 36 ரயில் ஓடுகிறது. 100 விநாடிக்கு ஒரு ரயில். அந்தக் கூட்டத்தை எந்தச் சாலையிலும் இறக்கிவிட முடியாது. நியூயார்க்கில் இன்னும் மோசம்; அங்கே சுரங்க ரயில் 24 மணி நேரமும் ஓடுவதாகத்தான் கணக்கு. வேலைக்கென்று ராத்திரியைக் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

இனி அந்த மூன்று, நான்கு மணி நேரத்தைப் பிரித்துப் பாருங்கள். கடைசி ரயில் போய்ச் சேர வேண்டும். மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தியதை நிறுத்தியதாக உறுதி செய்ய வேண்டும். நம் மெட்ரோக்களில் பல இடங்களில் 25,000 வோல்ட் தலைக்கு மேலே கம்பியில் வருகிறது; மிச்ச மின்சாரம் தரைக்கு இறங்கும்படி இருபுறமும் எர்த் ராடு என்கிற கம்பியை மாட்டாமல் ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. லண்டனில் மின்சாரம் காலடியிலேயே இருக்கிறது. ஓடுகிற இரண்டு தண்டவாளம் போக, வெளியே ஒன்று, நடுவில் ஒன்று என்று மொத்தம் நான்கு. திரும்புகிற மின்சாரம் சுரங்கத்தின் வார்ப்பிரும்பு வளையங்களிலும் நகரத்துக் குழாய்களிலும் கசிந்து அவற்றை அரித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நான்காவது தண்டவாளத்தைப் போட்டார்கள். அப்படியானால் வேலைக்கு நிற்கிற ஆளுக்குப் பாதுகாப்பாகக் கால் வைக்கக்கூட இடம் குறைவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் முடிந்து ஆட்கள் கருவியோடு இடத்துக்கு நடந்து போக அரைமணி. திரும்பி வரவும் அதே அரைமணி. கையில் நிற்பது இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மணி நேரம்.

இப்போது இடம். நம்ம பாதையில் நீங்கள் பார்த்த மெஷினைப் பி.கியூ.ஆர்.எஸ். என்போம். பாதையின் இருபுறமும் துணைத் தண்டவாளம் போட்டு, அதன் மேல் கிரேன்கள் நகர்ந்து வரும். பழைய பாதையை, தண்டவாளத்தைத் தாங்குகிற குறுக்குக் கட்டையான சிலீப்பரோடு 13 மீட்டர் துண்டாகத் தூக்கி எடுத்து, புதிய துண்டை அந்த இடத்தில் இறக்கும். பார்க்க அழகாக இருக்கும். அந்தத் துணைத் தண்டவாளத்தின் அகலம் மட்டும் 3.4 மீட்டர். லண்டனின் ஆழமான பழைய சுரங்கங்களின் மொத்த உள்விட்டமே ஏறத்தாழ 3.56 மீட்டர்தான். கிரேனை நிறுத்தினால் சுரங்கம் முடிந்தது. ரயில் பெட்டியே சுரங்கத்தின் வளைவுக்கு ஏற்பத் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் போகிறது. அங்கே ஆளை விட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு மீட்டர் தண்டவாளம் 60 கிலோ என்று வைத்தால், 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் வரும். அதைச் சிறு தூக்கிகளை வைத்து, நாலு பக்கமும் சுவர் இருக்கிற குழாய்க்குள், தலை நிமிர்த்த இடமில்லாமல் நகர்த்த வேண்டும். தண்டவாளத்தை முந்தைய இரவுகளிலேயே பேட்டரி என்ஜின் இழுக்கிற வேலை ரயிலில் கொண்டுவந்து, பாதைக்குள் அசையாதபடி கட்டிப் போட்டுவிடுவார்கள். பகலெல்லாம் பயணிகள் ரயில் அதைத் தாண்டித்தான் ஓடும். டீசல் என்ஜினின் புகை போக அந்தக் குழாயில் வழியில்லை என்பதால்தான் பேட்டரி.

ஆனால் என்னைக் கேட்டால், உண்மையான வேலை தண்டவாளத்துக்கும் கீழேதான் இருக்கிறது. நம்ம பாதையில் சிலீப்பருக்கு அடியில் ஜல்லி. கோரி எடுக்கலாம், திரும்பக் கொட்டலாம், மெஷின் வைத்து இறுக்கலாம். லண்டனின் பழைய சுரங்கங்களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜர்ரா மரத்துச் சிலீப்பர்களைக் கான்கிரீட்டில் பதித்து வைத்தார்கள். இரும்பு மாதிரி மரம். பல பத்தாண்டுகள் உழைத்துவிட்டது. ஆனால் ஒரு நாள் அதுவும் தளரும், திருகாணி பிடிக்காமல் போகும். அப்போது தண்டவாளத்தை மட்டும் மாற்றி ஒரு பயனும் இல்லை. கான்கிரீட்டை உடைத்துச் சிலீப்பரைத் தோண்டி எடுக்க வேண்டும்.

ஒரு ராத்திரிக்கு 5 மீட்டர் உடைக்கிறார்கள் என்று ஒரு கணக்குக்கு வைப்போம். அகலம் 2 மீட்டர், ஆழம் 30 செண்டிமீட்டர். 3 கன மீட்டர் வருகிறது. கான்கிரீட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 டன். ஏழு டன்னுக்கு மேல் கல்லும் தூசியும். அத்தனையையும் பையில் அள்ளி வண்டியேற்றி வெளியே கொண்டுபோக வேண்டும். உடைத்த இடத்தில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கும். அதை இரும்புத் தாங்கிகளால் முட்டுக் கொடுத்து, மட்டம் பார்த்து, அகலம் பார்த்து, காலையில் அதன் மேலேயே மெதுவாக ரயிலை விடுவார்கள். அடுத்த இரவு வந்து புதுச் சிலீப்பரை நுழைத்துச் சீக்கிரம் இறுகும் கான்கிரீட் ஊற்றுவார்கள். நம்ம கணக்கில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர்; அங்கே ஓர் இரவில் நாலைந்து மீட்டர். இரண்டும் ஒரே வேலை மாதிரி வெளியிலிருந்து தெரிகிறது. கீழே இறங்கினால்தான் வித்தியாசம்.

சனி, ஞாயிறு மூடுவது இதனால்தான். தொடர்ந்து ஐம்பது மணி நேரம் கிடைத்தால், உள்ளே போய் வெளியே வரும் நேரம் ஒரே ஒரு தடவைதான் வீணாகும். முட்டுக் கொடுக்கிற வேலையும் இல்லை. கான்கிரீட் இறுக நேரம் கிடைக்கும். பத்து இரவில் செய்வதைவிட அதிகமாகவே ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். பயணிக்கு எரிச்சலாகத்தான் இருக்கும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2016 ஆகஸ்டிலிருந்து லண்டனில் சில பாதைகளில் வெள்ளி, சனி இரவு முழுவதும் ரயில் விடுகிறார்கள். பயணிக்கு நல்லது. பாதைக்காரனுக்கு வாரத்தில் இரண்டு ராத்திரி போனது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஊர், யார் வேலை என்பது வேண்டாம். ஒரு வளைவில் பக்கவாட்டில் தேய்ந்த தண்டவாளத்தை மாற்றிக்கொண்டிருந்தோம். எல்லாம் நன்றாக முடிந்து, 3:40-க்குக் கருவிகளை எண்ணினோம். சுரங்கத்தில் இறக்குகிற ஒவ்வொரு கருவியையும் நோட்டில் எழுதி, ஏறும்போது ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு ஸ்பேனர் தண்டவாளத்தில் கிடந்தாலும் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் கூட இருந்த மேஸ்திரி சேரன்மகாதேவிக்காரர், மீட்டர் கேஜ் காலத்து ஆள். நோட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, பதினாலு எறக்குனோம், பதிமூணுதான் ஏறுது" என்றார். ஒரு ஸ்பேனர் இல்லை.

மேலேயிருந்து போன் மேல் போன். லைனைக் கொடு, லைனைக் கொடு. நான் கொடுக்கவில்லை. பதினோரு பேரும் டார்ச்சை வைத்துக்கொண்டு, வேலை செய்த அறுபது மீட்டரையும் ஒருவர் பின்னால் ஒருவராகக் குனிந்து நடந்தோம். சுரங்கத்தில் டார்ச் வெளிச்சம் படும்போது காற்று முழுக்க மினுமினுக்கும். சக்கரமும் தண்டவாளமும் பிரேக்கும் தேய்ந்த இரும்புத் தூசி அது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். கடைசியில் மேஸ்திரிதான் கண்டுபிடித்தார். புதிதாக வந்த ஒரு பையன் ஸ்பேனரைத் தண்டவாளத்தின் அடிப்பட்டை மேல் வைத்திருக்கிறான். தண்டவாளத்தின் நிறமும் அதன் நிறமும் ஒன்று. சக்கர விளிம்பு போகிற பக்கம், தண்டவாளத்தைப் பிடித்து வைக்கிற இரண்டு கிளிப்புக்கு நடுவில் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடந்தது. லைனைத் திருப்பிக் கொடுத்தது பதினோரு நிமிடம் தாமதமாக. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். அந்தப் பையனை யாரும் திட்டவில்லை; அடுத்த நாளிலிருந்து கருவி எண்ணுகிற நோட்டை மேஸ்திரி அவன் கையில் கொடுத்துவிட்டார்.

வெல்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு தண்டவாளத்தை இணைக்க அலுமினியப் பொடியும் இரும்பு ஆக்சைடும் கலந்து எரிய விடுகிற தெர்மிட் முறையில், 2,000 டிகிரிக்கு மேல் சூட்டில் உருகிய இரும்பு அச்சுக்குள் இறங்கும். முனைகளைச் சூடாக்கி, ஊற்றி, ஆறவிட்டு, பிசிறை வெட்டி, தேய்த்து, சோதனை பார்க்க ஓர் இணைப்புக்கு ஒரு மணி நேரம் மாதிரி போய்விடும். அது சரியாக வரவில்லை என்று 4 மணிக்குத் தெரிந்தால் திரும்பச் செய்ய நேரம் கிடையாது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற பிஷ் பிளேட் என்கிற இரும்புப் பட்டையும் கிளாம்பும் போட்டு இறுக்கி, வேகத்தைக் குறைத்து அன்றைய பகலை ஓட்டிவிட்டு, மறுநாள் இரவு வர வேண்டும். மாற்றுவழி கையில் இல்லாமல் எந்தப் பாதைக்காரரும் தண்டவாளத்தை அறுக்க மாட்டார்.

கீழே ஒரே ஒரு வசதி உண்டு: வெயில் கிடையாது. நம்ம நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் சித்திரை வெயிலில் தண்டவாளத்தைத் தொட முடியாது. சூடு 30 டிகிரி ஏறினால், தடையில்லாமல் கிடக்கிற ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் ஏறத்தாழ 35 செண்டிமீட்டர் நீளும். அதை நீளவிடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் மேலே இத்தனை ஜல்லியும் கிளிப்பும், மத்தியானத்தில் பாதையை நடந்து பார்க்கிற கீமேன் நடையும். சுரங்கத்தில் வருடம் முழுவதும் சூடு பெரிதாக மாறாது. பாதை வளைந்து நெளிகிற பயம் அங்கே குறைவு. அதற்குப் பதிலாகத் தண்ணீர்க் கசிவு. திருச்செந்தூர்ப் பாதையில் உப்புக் காற்று தண்டவாளத்தின் அடியைத் தின்கிற மாதிரி, சுரங்கத்தில் கசிகிற ஈரம் தின்னும். மேலிருந்து பார்த்தால் தண்டவாளம் புதுசு மாதிரி இருக்கும். கிளிப்பைக் கழற்றினால் அடிப்பட்டை செதில் செதிலாக உதிரும்.

சீக்கிரம் இறுகும் கான்கிரீட் என்றேன் அல்லவா, அதன் மறுபக்கமும் உண்டு. 2014 ஜனவரி 23 அன்று லண்டன் விக்டோரியா நிலையத்தில் நடந்த விரிவாக்க வேலையில், ஒரு வெற்றிடத்தை நிரப்ப ஊற்றிய கான்கிரீட் பக்கத்திலிருந்த சிக்னல் அறைக்குள் பாய்ந்துவிட்டது. கருவிகள் நின்றன, பாதையின் ஒரு பகுதியில் ரயிலும் நின்றது. இறுகிவிட்டால் மொத்தமும் போச்சு. கடைகளிலிருந்து சர்க்கரை மூட்டை வாங்கி வந்து கொட்டினார்கள். சிமெண்டில் சர்க்கரை சேர்ந்தால் இறுகுவது தள்ளிப் போகும். அள்ளி வெளியே கொட்ட நேரம் கிடைத்தது. மறுநாள் காலையில் ரயில் ஓடியது. நம்ம ஊர்க் கொத்தனாரிடம் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காயும் கருப்பட்டியும் கரைத்து ஊற்றியவர்களின் பேரன் அவர். சுண்ணாம்புக்குப் பலம் சேர்க்கிற அதே இனிப்பு சிமெண்டைக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியும்.

சில இடங்களில் வார இறுதியும் போதாது. நேர்ப் பாதையில் ஐந்து மீட்டர் மாற்றினால் அந்த ஐந்து மீட்டரோடு அன்றைய வேலை முடிந்துவிடும். ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலைத் திருப்புகிற பாயிண்ட்ஸ் இருக்கிற இடத்தில் பாதியில் நிறுத்த முடியாது. நாலு தண்டவாளம் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கிராசிங், நகர்கிற நாக்குத் தண்டவாளம், அதை நகர்த்துகிற மோட்டார், அதைக் கவனிக்கிற சிக்னல், எல்லாம் ஒரே உடம்பு. 2015 ஆகஸ்டில் விக்டோரியா பாதையின் வடகோடியில், செவன் சிஸ்டர்ஸ் முதல் வால்தம்ஸ்டோ வரை மூன்று வாரம் மூடினார்கள். ரயில் திரும்புகிற இடத்திலிருந்த 1960-களின் கிராசிங்கை எடுத்துவிட்டு, ரயில் வேகமாகத் தாண்டும்படி புதியது போட்டார்கள். மேலே சொன்ன மணிக்கு 36 ரயில், 2017-ல் அதற்குப் பிறகுதான் வந்தது. கடைசி நிலையத்தில் ரயில் ஊர்ந்து திரும்பினால், பின்னால் வருகிற அத்தனை ரயிலும் ஊரத்தான் வேண்டும். நம்ம ஜங்ஷனில் ஈரடுக்கு மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தால் இது புரியும். நீளமான நேர்ப் பாதையில் ஒன்றும் நடக்காது. தாமதம் எல்லாம் பாதைகள் பிரிகிற இடத்தில்தான் பிறக்கிறது.

நவீனப்படுத்துவது என்றால் பழையதை எடுத்து அதே மாதிரி புதியதை வைப்பதோடு நிற்பதில்லை. லண்டனில் பல காலம் மேலும் கீழும் உருண்டையான தலை கொண்ட பழைய வகைத் தண்டவாளம், துண்டு துண்டாகப் பிஷ் பிளேட்டில் இணைத்துக் கிடந்தது. அதைத் தட்டையான அடியுள்ள கனமான தண்டவாளமாக, இணைப்பில்லாமல் வெல்டு செய்ததாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள். இணைப்பு இருக்கிற இடத்தில்தான் சக்கரம் அடிக்கும், தண்டவாளம் உடையும், மேலே வீட்டில் படுத்திருக்கிறவருக்குச் சத்தம் கேட்கும். ஆனால் பழைய சிக்னல் முறையில் ரயில் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு, இடையிடையே மின்காப்பு இணைப்பு வைத்துத்தான். இணைப்பை எடுத்தால் சிக்னலையும் மாற்ற வேண்டும். சக்கரத்தை எண்ணுகிற கருவியோ, ரயில் தானே தன் இடத்தைச் சொல்கிற முறையோ வர வேண்டும். தண்டவாளக்காரனும் சிக்னல்காரனும் ஒரே இரவில் ஒரே இடத்தில் வேலை பார்க்க வேண்டும். இருவருக்கும் இருப்பது அதே இரண்டரை மணி நேரம்.

சென்னை மெட்ரோவுக்கு இந்தத் துன்பம் வருமா என்றும் தம்பி கேட்டிருக்கிறார். இந்த அளவுக்கு வராது. 2017 மே மாதம்தான் அங்கே திருமங்கலம்–நேரு பூங்கா சுரங்கப் பாதை திறந்தது. சுரங்கம் அகலமாக இருக்கிறது, ஓரத்தில் நடக்க மேடை இருக்கிறது. ஜல்லி இல்லாத கான்கிரீட் படுகையில், கிளிப்பைக் கழற்றினால் தண்டவாளம் மட்டும் தனியாக வெளியே வரும்படி அமைத்திருக்கிறார்கள். படுகையை உடைக்காமல் தண்டவாளத்தை மாற்றலாம். 1984-ல் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோவின் முதல் தடத்திலும் ஜல்லி இல்லாத பாதைதான். கேஜும் நம்ம 1,676 மில்லிமீட்டர். நம் ஊர்ப் பாதைக்காரர் தன் கேஜ் பட்டையை எடுத்துப் போய் அங்கே அப்படியே வைத்துப் பார்க்கலாம்.

ஆனால் தேய்மானம் சென்னையிலும் உண்டு. அடுத்த முறை போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள் தம்பி. சுரங்கத்தில் வளைவு வரும்போது கதவோரம் நின்று கேளுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு மேலே, ஊளையிடுகிற மாதிரி ஒரு இரைச்சல் எழுந்து, வளைவு முடிந்ததும் அடங்கும். தண்டவாளத்தின் தலையில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அலை அலையான தேய்மானம் விழுந்திருந்தால் அந்தச் சத்தம் வரும். விரலை வைத்து இழுத்தால் தட்டுப்படும். சில மாதம் கழித்து அதே இடத்தில் சத்தம் குறைந்திருந்தால், இடையில் ஏதோ ஓர் இரவில் தேய்க்கிற வண்டி வந்து, தீப்பொறி பறக்க அந்த அலைகளைச் சீவி எடுத்துவிட்டு, முதல் ரயிலுக்கு முன்னால் வெளியே போயிருக்கும்.